பயாஸ் பாஸ்வேர்டு மறந்துபோச்சா? லேப்டாப்ப திறக்குறதுக்கு முன்னாடி இத படிங்க

லேப்டாப் ஆன் பண்ணதும் விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே பாஸ்வேர்டு கேட்டா அது பயாஸ் (ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற, மதர்போர்டுலயே இருக்குற சாஃப்ட்வேர்) பாஸ்வேர்டு, விண்டோஸ ரீஇன்ஸ்டால் பண்ணாலும் போகாது. முதல்ல கேப்ஸ் லாக், நம் லாக் ரெண்டையும் பாருங்க, நம்பர் பேட்ல அடிச்சு செட் பண்ணியிருந்தா இப்ப நம் லாக் ஆஃப்ல இருக்கலாம், பாதி பேருக்கு பிரச்சனையே இதுதான்னு நினைக்கிறேன்.

சிமாஸ் பேட்டரிய (பயாஸ் செட்டிங்க காப்பாத்துற, மதர்போர்டுல இருக்குற சின்ன பேட்டரி) கழட்டி மாட்டுனா சரியாகிடும்னு எல்லாரும் சொல்லுவாங்க. பழைய டெஸ்க்டாப்ல ஓகே, ஆனா இப்ப வர்ற லேப்டாப் நிறையதுல பாஸ்வேர்டு மதர்போர்டுல இருக்குற தனி சிப்ல போய் உக்காந்துக்குது, பேட்டரிய எடுத்தாலும் அழியாது, கழட்டுறப்ப ஏதாவது கேபிள் பிய்ஞ்சா அது வேற செலவு.

உருப்படியான வழின்னா, அடியில ஸ்டிக்கர்ல இருக்குற சீரியல் நம்பர் (டெல்லுன்னா சர்வீஸ் டேக்), வாங்குன பில் ரெண்டையும் எடுத்துக்கிட்டு கம்பெனி சப்போர்ட்ட கேக்குறதுதான். இன்டெல் மேக்குக்கும் இதே கதைதான், பில்லோட ஆப்பிள் சர்வீஸுக்கு போகணும். லெனோவா திங்க்பேட்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்டு (பயாஸ் செட்டிங்க பூட்டுற மெயின் பாஸ்வேர்டு) மறந்தா போர்டையே மாத்தணும்னு அவங்களே சொல்லிடுறாங்க, கொடுமை.

ஃபைல் மட்டும் போதும்னா எஸ்எஸ்டிய கழட்டி யூஎஸ்பி கேஸ்ல போட்டு வேற சிஸ்டம்ல எடுத்துக்கலாம், ஆனா பிட்லாக்கர் (டிஸ்க்க என்க்ரிப்ட் பண்ணி பூட்டுற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா ரெக்கவரி கீ வேணும், அது பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லயே சேவ் ஆகியிருக்கும், லாகின் பண்ணி பாருங்க.