கட்டைக்கு விலையா, அட்டைக்கு விலையா? லெகோ சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கட்டைகளான லெகோவைச் சேகரிப்பதில் புதிதாக இறங்குபவர்கள் படம் அனுப்பி, "இதை வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. பெரும்பாலும் பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். பெட்டி நசுங்கியிருக்கிறதா, கட்டை ஏதும் குறைகிறதா என்று பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர்களும் ஏமாறும் இடங்கள் வேறு. என் பழைய கணக்குப் புத்தகத்திலும் அவை எல்லாம் இருக்கின்றன.

"நூறில் ஒன்று" என்ற அட்டையை நம்புவது

தனி விற்பனையாளர்கள் சிலர் சாதாரண லெகோ கட்டைகளை வாங்கி, கைக்கடக்கமான ஒரு பொருளைக் கட்டுகிறார்கள். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வரிசை எண் அச்சிட்ட அட்டை ஒன்றைச் சேர்க்கிறார்கள். உடனே அது "வரையறுக்கப்பட்ட பதிப்பு" ஆகிவிடுகிறது. விலை எங்கோ போய்விடுகிறது.

நண்பர் ஒருவர் இப்படி ஒரு தட்டச்சுப் பொறியை வாங்கி வந்தார். கருப்புக் கட்டைகள், விசைகளுக்குப் பதிலாகச் சிறிய வட்டத் தகடுகள், பொன் எழுத்தில் "100-இல் 37" என்ற அட்டை. அவர் கொடுத்த பணத்துக்கு ஆயிரக்கணக்கான கட்டைகள் கொண்ட பெரிய தொகுப்பு ஒன்றையே வாங்கியிருக்கலாம். இருவரும் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிந்த கட்டைகளையெல்லாம் பட்டியலிட்டோம். லெகோ கட்டைகளை வாங்கவும் விற்கவும் உதவும் பிரிக்லிங்க் என்ற இணையதளத்தில் ஒவ்வொரு கட்டைக்கும், கடந்த ஆறு மாதங்களில் உண்மையாக விற்ற விலை கிடைக்கும். 2019-இல் லெகோ நிறுவனமே அந்தத் தளத்தை வாங்கிவிட்டது. கூட்டிப் பார்த்தபோது, அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் உள்ளே இருந்ததைவிட விலை உயர்ந்த பொருள் என்று தெரிந்தது. பொறியின் முகப்பில் இருந்த எழுத்துகூட அச்சு அல்ல, ஸ்டிக்கர்.

1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கட்டையோடு இன்று வார்த்த கட்டையும் பொருந்தும். லெகோவின் பெருமையே அதுதான். அதனால், கட்டைகள் கையில் இருக்கும் எவரும் நூற்றியொன்றாவது தட்டச்சுப் பொறியை ஒரே மாலையில் கட்டிவிடலாம். அரிது என்றால், இப்போது வார்க்கப்படாத வடிவமோ, சில தொகுப்புகளில் மட்டும் வந்த நிறமோ, வேறெங்கும் கிடைக்காத அச்சோ அதில் இருக்க வேண்டும். "இதில் எந்தக் கட்டையை என்னால் தனியாக வாங்க முடியாது?" என்று விற்பவரிடம் கேளுங்கள். பதிலாக அட்டையைக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். பெரும்பாலான கட்டைகளின் அடிப்புறத்தில் சிறிய எண் ஒன்று வார்க்கப்பட்டிருக்கும். அது வடிவத்தை மட்டுமே சொல்லும், நிறத்தைச் சொல்லாது. ஒரே வடிவம் ஒரு நிறத்தில் சல்லிக்காசுக்கும் இன்னொரு நிறத்தில் பெரும் விலைக்கும் போகும் என்பதால் இரண்டையும் சேர்த்தே தேட வேண்டும்.

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது பசை. "சரி, பிரித்துக் கட்டைகளையாவது பயன்படுத்தலாம்" என்று நண்பர் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. உள்ளே முழுவதும் ஒட்டியிருந்தார்கள். விளம்பரத்தில் இதற்குப் பெயர் "உறுதியான வடிவமைப்பு"! ஒட்டிய கட்டைக்கு மறுவிற்பனை மதிப்பு கிடையாது. அடுத்த சில வாரங்களில் அதே பொறி சிவப்பு நிறத்தில் "இரண்டாம் பதிப்பு" என்று விற்பனைக்கு வந்தது. அதுவும் நூறுதானாம்.

வடிவமைப்பாளரின் உழைப்புக்கு விலை கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டும் குறிப்பையும் கட்டைப் பட்டியலையும் மட்டும் விற்கும் நேர்மையானவர்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களிடம் குறிப்பை வாங்கிக் கட்டைகளை நாமே சேர்ப்பது மலிவு. கட்டும் இன்பமும் நமக்கே கிடைக்கும்.

"நிறுத்திவிட்டார்கள், இனி வராது"

வரும். 2008-இல் வெளியான தாஜ்மகால் தொகுப்பில் 5,922 கட்டைகள். விற்பனை நின்றபின் அதன் விலை மடங்கு மடங்காக ஏறியது. ஏறிய விலையில் வாங்கி முதலீடு என்று அடுக்கி வைத்தவர்கள் உண்டு. 2017-இல் நிறுவனம் அதையே மீண்டும் வெளியிட்டது, ஒரே ஒரு கட்டை கூடுதலாக. பழைய பெட்டியின் விலை சரிந்தது. அதே ஆண்டு, 2007-இல் வந்த, ஸ்டார் வார்ஸ் படங்களின் மிலேனியம் ஃபால்கன் விண்கலமும் 7,541 கட்டைகளோடு புதிதாக வந்தது. பிடித்திருந்தால் வாங்குங்கள். விலை ஏறும் என்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால், மறுவெளியீடு வரும் நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொன்னிற மினிஃபிகர்

மினிஃபிகர் என்பது லெகோவின் சிறிய மனித பொம்மை. 2013-இல், உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பத்தாம் வரிசை மினிஃபிகர் பொதிகளுக்குள் மிஸ்டர் கோல்ட் என்ற உருவத்தை ஒளித்து வைத்தார்கள். மொத்தம் 5,000 மட்டும். இது உண்மையிலேயே அரிது, அதனால்தான் போலிகளும் உலவுகின்றன. பிரித்த நிலையில், பழைய விற்பனை விவரம் ஏதுமின்றி, பாதி விலைக்கு ஒன்று வந்தால் அதைப் போலி என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

கேட்கும் விலையைப் பார்ப்பது

யாரும் எதையும் கேட்கலாம். விற்ற விலையைப் பாருங்கள்.

ஜன்னலோரக் காட்சி

வேண்டாம். வெயில் பட்டால் வெள்ளையும் சாம்பல் நிறமும் பழுப்பேறும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து ஓரளவு வெளுக்க வைக்கலாம். ஸ்டிக்கர் ஒட்டிய கட்டைகளை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள்.