மகளுக்காக நிலத்தை டிரஸ்டில் வைப்பது எப்படி?

டிரஸ்ட் என்பது கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரியது என்றே நம் டெல்டா ஊர்களில் பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கானது. ஒரே ஒரு பிள்ளையின் நலனுக்காகவும் அதன்படி டிரஸ்ட் ஏற்படுத்தலாம்.

மன்னார்குடிப் பக்கம் 6 மா நன்செய், அதாவது ஏறத்தாழ 2 ஏக்கர், வைத்திருக்கும் ஒருவருக்கு, வரவுசெலவைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத மகள் இருப்பதாகக் கொள்வோம். மகள் பெயருக்கே செட்டில்மென்ட் எழுதினால் சாகுபடியையும் கணக்கையும் பார்க்க ஆளில்லை. மகன் பெயருக்கு எழுதி, தங்கையைப் பார்த்துக்கொள் என்று வாய்ச்சொல்லாக விட்டால், அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அவன் கடனுக்கு அந்நிலம் ஜப்தியாகலாம். அவனுக்குப் பின் அவன் வாரிசுகளுக்குப் போய்விடும்.

முதற்படி: முறையைப் புரிந்துகொள்ளுதல். டிரஸ்டின் அடிப்படையைப் பழைய வழக்கம் ஒன்றிலிருந்தே காணலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தாவிளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளந்தனர். மந்தை குறையாமல் காக்கப்பட வேண்டும் என்பதால் அத்தகைய ஆடுகளைச் சோழர் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. அது சமயக் கொடை, இச்சட்டத்துக்கு உட்பட்டதன்று. ஆயினும் மூலதனத்தைக் காப்பவர் ஒருவர், பயன் வேறொருவருக்கு என்ற அடிப்படையை அதைவிடத் தெளிவாக என்னால் காட்ட இயலாது. இங்கே தந்தை நிறுவுநர், நிலத்தைத் தம் பெயரில் ஏற்று நிர்வகிப்பவர் அறங்காவலர், மகள் பயனாளி.

இரண்டாம் படி: சொத்தைச் சரிபார்த்தல். தாமே சம்பாதித்த சுயார்ஜித நிலமா, பூர்வீகமா என்று முதலில் பாருங்கள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமான பங்குண்டு என்பதால், பாகப்பிரிவினை ஆகாத நிலத்தை ஒருவர் மட்டும் டிரஸ்டில் வைத்தால் பின்னால் வழக்கு வரும். பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: அறங்காவலர். இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். அறங்காவலர் டிரஸ்ட் சொத்திலிருந்து தமக்கு இலாபம் தேடக்கூடாது. பத்திரத்தில் சொல்லப்படாவிட்டால் ஊதியம் கேட்கும் உரிமையும் பொதுவாக இல்லை. பொறுப்பை ஏற்றபின் நினைத்தபோது விலகவும் முடியாது. ஆகையால் அண்ணனை மட்டும் நியமிக்காமல், அத்தை மகனையோ நம்பிக்கையான ஊர்க்காரரையோ உடன் சேர்ப்பதும், அவர்களுக்குப் பின் யார் என்று இப்போதே எழுதுவதும் நல்லது.

நான்காம் படி: பத்திரம். நோக்கம், பயனாளி, சொத்து ஆகியவை ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட வேண்டும். 'மகளின் நலனுக்கு' என்று நிறுத்தாமல், குறுவை, சம்பா வருமானத்தில் மருத்துவம், உணவு, துணைக்கு இருப்பவர் சம்பளம் ஆகியவற்றுக்கு எந்த வரிசையில் செலவிடுவது, நிலத்தை விற்கலாமா, மகளின் காலத்துக்குப் பின் அது யாருக்கு என்றெல்லாம் எழுதுங்கள். பத்திரத்தில் அனுமதி இல்லையெனில், நீதிமன்ற அனுமதியின்றி 21 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விட இயலாது. உயிரோடு இருக்கும்போதே ஏற்படுத்தும் டிரஸ்டை, இரத்து செய்யும் உரிமையைப் பத்திரத்திலேயே வைத்துக்கொள்ளாவிட்டால், நிறுவுநர் தம் விருப்பப்படி திரும்பப் பெற முடியாது. மனம் மாறக்கூடும் என்றால் உயில் வழியாக ஏற்படுத்தலாம். உயிலைச் சாகும்வரை மாற்றலாம்.

ஐந்தாம் படி: பதிவு. உயில் வழியாக அல்லாமல் அசையாச் சொத்தில் டிரஸ்ட் ஏற்படுத்தினால், கையெழுத்திட்ட பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியே ஆக வேண்டும். முத்திரைத் தீர்வையையும் வருமான வரியையும் முன்னதாகவே வழக்கறிஞரிடமும் ஆடிட்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு முடிந்ததும் அறங்காவலர் பெயருக்குப் பட்டா மாற்ற விண்ணப்பித்து, டிரஸ்டுக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, அடுத்த அறுவடையின் நெல் பணத்தை அதிலேயே வரவு வைக்க வேண்டும்.