எதிரொலி கேட்பவரின் போனை நோண்டாதீர்கள்

"நான் பேசுறது எனக்கே திரும்பக் கேட்குது" என்று ஒருவர் சொன்னால், கோளாறு பெரும்பாலும் அவரிடம் இல்லை, எதிர்முனையில் இருக்கிறது. அவர் குரல் அங்கே ஸ்பீக்கரில் வெளிவந்து, அங்குள்ள மைக்கில் புகுந்து, அவருக்கே திரும்புகிறது. மீட்டிங் அறைகளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. இந்தப் புகார் வந்தால் மற்றவர்களை ஒவ்வொருவராக மியூட் போடச் சொல்வேன். யார் போட்டதும் எதிரொலி நிற்கிறதோ, அவரிடம்தான் வேலை.

அது நீங்களாக இருந்தால், முதலில் வால்யூமைக் குறையுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை வைத்துக் கணக்குப் போட்டு, மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழிக்கும் ஏற்பாடு இப்போதைய போன்களில் உண்டு. முழு வால்யூமில் சின்ன ஸ்பீக்கர் கரகரக்கும். அந்தக் கரகரப்பு இந்தக் கணக்கில் சேராது, அப்படியே தப்பிப் போய்விடும். சத்தம் போதவில்லையா, போனைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளுங்கள். தூரம் பாதியானால் உங்கள் குரல் மைக்கில் சுமார் 6 டெசிபல் கூடும்.

பேசும்போது போனைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். இடம் மாறினால் ஒலி மோதித் திரும்பும் விதமும் மாறும். கணக்கைப் புதிதாகப் போட்டு முடிக்கும்வரை எதிரொலி எட்டிப் பார்க்கும். சுவர் மூலையும் கண்ணாடி ஓரமும் ஆகாது. வெறும் மேசையில் வைக்காமல் மடித்த துணிமேல் வையுங்கள், அதிர்வு மைக்குக்கு ஏறாது. துணி போனின் மைக், ஸ்பீக்கர் ஓட்டைகளை மூடக் கூடாது, அவ்வளவுதான். கவரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். சில கவர்கள் ஸ்பீக்கர் ஒலியை உள்ளேயே மைக்குக்குக் கடத்திவிடும்.

கீச்சென்று ஊளையிடுவது வேறு கதை. ஒரே அறையில் இரண்டு கருவிகள் ஒரே அழைப்பில் இருக்கும். "நான் மியூட்லதான் இருக்கேன்" என்பார்கள். போதாது. மியூட் போட்ட அந்தக் கருவியின் ஸ்பீக்கரில் வரும் குரலைப் பக்கத்து மைக் பிடித்துத் திரும்ப அனுப்பும், அது மறுபடி ஸ்பீக்கரில் வரும். ஸ்பீக்கரையும் அணைத்தால்தான் சுற்று அறுபடும்.

லேப்டாப் மைக்கோடு தனி புளூடூத் ஸ்பீக்கர் சேர்ப்பதையும் தவிர்ப்பேன். ஒலி தாமதமாக வருவதால் கழித்தல் தடுமாறலாம். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே கருவியில் இருப்பது மேல்.

இருவரும் ஒரே நேரத்தில் பேசும்போது சொற்கள் விழுங்கப்படுகின்றனவா? அது எதிரொலியை அடக்கும் முயற்சியில் உங்கள் குரலும் சேர்ந்து அமுங்குவது. ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசுங்கள், இல்லையென்றால் ஹெட்செட் மாட்டிக்கொள்ளுங்கள்.