கண்மாயைக் காக்க இறங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை பொய்த்த ஒரு கோடையில் எங்கள் ஊர்க் கண்மாயைச் சுத்தம் செய்ய இருபது பேர் சேர்ந்தோம். தண்ணீர் தேங்கும் உள்பரப்பான உள்வாயில் பொக்லைன் இறங்கி மண்ணை நிரவிக்கொண்டிருந்தபோது ஒரு சோடி ஆள்காட்டிக் குருவிகள் எங்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. ஆட்களைக் கண்டு மிரண்டு கத்துகின்றன என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தோம். சாயங்காலம் வண்டித் தடத்தில், சரளைக் கல்லின் நிறத்திலேயே கரும்புள்ளி விழுந்த முட்டைகள் மூன்று நசுங்கிக் கிடந்தன. உடையாத நான்காவதின் கூர்முனை மட்டும் கூட்டின் நடுவை நோக்கியபடியே இருந்தது. நல்ல எண்ணத்தோடு செய்யும் வேலையிலும் எவ்வளவு கேடு நேரக்கூடும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். எங்களைப் போலவே ஆர்வத்தோடு இறங்கும் குழுக்கள் அந்தத் தவறுகளைத் திரும்பச் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு, கண்மாயை வீட்டு முற்றம் போலக் கூட்டித் துடைப்பது. கோரை, சம்பு, நாணல், நீருக்குள் நிற்கும் கருவேல மரம் ஆகியவை நம் கண்ணுக்குப் புதராகத் தெரிந்தாலும், தாழைக்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் அவைதான் வீடு. கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம், நத்தை குத்தி நாரை முதலியவை தண்ணீர் சூழ்ந்த மரத்தைத் தேடிக் கூடு கட்டுவதற்குக் காரணம், மரநாயும் பூனையும் நீரைக் கடந்து வரத் தயங்கும் என்பதுதான். நெகிழிப் பை, உடைந்த பாட்டில், அறுந்த தூண்டில் நரம்பு, கிழிந்த வலை ஆகியவற்றைத் தயங்காமல் அகற்றுங்கள். நரம்பில் கால் சிக்கிய கொக்கு மரத்தில் தலைகீழாகத் தொங்கிச் சாவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அவசரம் தெரியும். ஆனால் செடியிலும் மரத்திலும் கை வைக்குமுன், அதில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை ஓராண்டாவது கவனித்திருக்க வேண்டும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது அயல்நாட்டிலிருந்து வந்து பரவிய மரம் என்பதிலும் அகற்றப்பட வேண்டியது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால், வேறு மரமே இல்லாமல் போன கண்மாய்களில் கொக்கும் வக்காவும் அதிலேயே கூடு கட்டுகின்றன. ஒரே வாரத்தில் மொத்தத்தையும் அழித்துவிட்டால் அடுத்த பருவத்தில் பறவைகளுக்கு உட்காரக் கொம்பிருக்காது. முதலில் நாட்டுக் கருவேலத்தையும் நீர்க்கடம்பையும் நட்டு, அவை தலையெடுக்கத் தலையெடுக்கப் பகுதி பகுதியாகச் சீமைக்கருவேலத்தை எடுப்பதே முறை. அரிவாளால் வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்துவிடும். ஆகவே வேரோடு பிடுங்க வேண்டும். நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை பரவுவதால், எடுத்த இடத்தில் மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளையும் ஆண்டுதோறும் பறித்தாக வேண்டும்.

தூர்வாரும்போது கிணறு போல ஒரே ஆழத்துக்குத் தோண்டுவதும் தவறுதான். கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடந்து இரை தேடும் அரிவாள் மூக்கனுக்கும் கரண்டிவாயனுக்கும் ஆழக் குழி எந்தப் பயனையும் தராது. மாடும் பிள்ளைகளும் தவறி விழுவதற்கே வழியாகும். கரையோரம் சரிவாக இறங்கி நடுவில் ஆழமாகவும், இடையே ஓரிரு மண் திட்டுகள் மிஞ்சும்படியாகவும் வெட்டச் சொல்லுங்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டிருந்தால் முதலில் அதைச் சீர்செய்ய வேண்டும், ஏனென்றால் தண்ணீர் வராத கண்மாயை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் பறவை வராது.

வெற்றிடம் கண்ட இடமெல்லாம் மரம் நடுவதும் நன்மையாகாது. பொட்டலும் புல்தரையும் வீணாய்க் கிடக்கும் நிலமல்ல. வானம்பாடி, கௌதாரி, ஆள்காட்டி ஆகியவை அங்கேதான் தரையில் முட்டையிடுகின்றன.

மீன் பெருகட்டும் என்று கிடைத்த குஞ்சுகளை வாங்கி விடுகிறார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க நாட்டில் தடை இருக்கிறது, ஏனெனில் அது அகப்படும் சிறு மீன்களையெல்லாம் தின்று தீர்த்துவிடும். சிலேபியும் பெருகிவிட்டால் அயிரைக்கும் கெண்டைக்கும் இடமிருக்காது. தொட்டியில் வளர்த்த அயல்நாட்டு ஆமையைக் கண்மாயில் விடுவதும் இதே வகைக் கேடுதான்.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைக் கண்டதும் வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை. காயமில்லாமல் இருந்தால் எட்டும் கிளையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காட்டுப் பறவைகளை வீட்டில் வைத்து வளர்க்க முடியாது. கூடிருக்கும் இடத்தைப் படத்தோடு வாட்ஸ்அப்பில் பரப்புவதையும் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான தவறு, ஊரைக் கேட்காமல் ஊருக்கு வேலை செய்வது. கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பிலோ ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலோ இருக்கும். அனுமதி பெறுவதும் கிராம சபையில் தீர்மானம் வைப்பதும் அவசியம். அதற்கும் முன்னால் மடை திறப்பவர், ஆட்டுக் கிடை போடுபவர், மீன் குத்தகைக்காரர், கரையில் விறகு பொறுக்கும் பெண்கள் ஆகியோரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். எந்த மாதம் எந்தப் பறவை எங்கே இறங்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். வேடந்தாங்கல் மக்கள் 1798இலேயே செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் தங்கள் ஏரிப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கினார்கள் என்றால், எச்சம் கலந்த தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் கண்டிருந்ததும் காரணம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வெளியிலிருந்து யாரும் போட்ட கட்டளையல்ல, ஊரே கட்டிக்காக்கும் வழக்கம் அது.

இப்போது எங்கள் கண்மாயில் வண்டி இறங்குவதற்கு முந்தைய நாள் காலையில், ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரோடு இரண்டு பேர் உள்வாய் முழுவதும் நடக்கிறார்கள். ஆள்காட்டி கத்தினால் பின்வாங்கி, கரையில் உட்கார்ந்து, அது திரும்பி வந்து எங்கே அமர்கிறது என்று பார்க்கிறார்கள். கூட்டை ஒட்டிக் குச்சி நட்டால் காக்கைக்கும் நாய்க்கும் அடையாளம் காட்டியதாகிவிடும் என்பதால், சுற்றிலும் பத்தடி தள்ளி நான்கு குச்சிகளில் துணி கட்டுகிறோம். அந்தச் சதுரத்துக்குள் நான்கு வாரம் யாரும் கால் வைப்பதில்லை.