பக்கத்துப் பண்ணைக்குக் கொரோனா பணம் எவ்வளவு வந்தது? தேடுவது இப்படித்தான்

அமெரிக்காவில் சிறு பண்ணைகளுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. "கொரோனா சமயத்தில் அந்தப் பால் பண்ணைக்கு அரசாங்கம் அள்ளிக் கொடுத்ததாமே?" என்று இன்னும் யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் விஷயத்தில் நான் வாய் திறக்க முடியாது. ஆனால் திறக்கவும் தேவையில்லை. எல்லாம் பொதுவில்தான் கிடக்கிறது.

முதலில் எந்தப் பணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விவசாயத் துறை நேரடியாகக் கொடுத்தது சிஎஃப்ஏபி, அதாவது கொரோனா உணவு உதவித் திட்டத்தின் உதவித்தொகை. 2020-இல் மே மாதம் ஒரு சுற்று, செப்டம்பரில் இன்னொன்று. சிறுதொழில்களுக்கான அரசு அமைப்பான எஸ்பிஏ-வின் உத்தரவாதத்தில் வங்கிகள் கொடுத்தது பிபிபி, அதாவது சம்பளப் பாதுகாப்புக் கடன். விதிப்படி செலவழித்திருந்தால் தள்ளுபடி. இரண்டையும் குழப்பினால் கணக்கு உருப்படாது.

சிஎஃப்ஏபிக்கு, விவசாயத் துறையின் கிளை அமைப்பான எஃப்எஸ்ஏ-வின் தளத்தில் 'பேமென்ட் ஃபைல்ஸ்' என்று ஆண்டுவாரியாக எக்செல் கோப்புகள் இருக்கின்றன. பெயர், ஊர், திட்டம், தொகை, தேதி எல்லாம் உண்டு. கோப்பு பெரிது, கணினி முனகும். பொறுமை இல்லாதவர்கள் என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற தன்னார்வ அமைப்பின் மானியத் தரவுத்தளத்தில் தேடலாம். எத்தனை ஏக்கர், எத்தனை மாடு என்று தேடாதீர்கள், கிடைக்காது. 2008 விவசாயச் சட்டத்தின் 1619-ஆம் பிரிவு அதையெல்லாம் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. பணம் வாங்கியவர் பெயரையும் தொகையையும் மறைக்கச் சொல்லவில்லை.

பெயரில்தான் எல்லோரும் வழுக்குகிறோம். ஒருமுறை நான் வாசல் பலகையில் இருந்த பெயரைப் போட்டுத் தேடி, "இவர்கள் ஒரு பைசா வாங்கவில்லை" என்று ஒருவரிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். அப்புறம் முகவரியை வைத்துப் பார்த்தால் அப்பா பெயரில் ஒரு பதிவு, மகன் பெயரில் ஒரு பதிவு, எல்எல்சி என்ற வகை நிறுவனத்தின் பெயரில் இன்னொன்று. பலகைப் பெயர் எதிலுமே இல்லை.

பிபிபி பட்டியல் எஸ்பிஏ-வின் தரவுத் தளத்தில் இருக்கிறது. 1.5 லட்சம் டாலருக்குக் குறைந்த கடன்களுக்கு முதலில் பெயரே வெளியிடவில்லை. செய்தி நிறுவனங்கள் வழக்குப் போட்ட பிறகு 2020 டிசம்பரில்தான் வெளியிட்டார்கள். பெயர் சிக்காவிட்டால் ஜிப் கோடோடு (அஞ்சல் குறியீடு) தொழில் குறியீட்டைச் சேர்த்து வடிகட்டுங்கள். பயிர் என்றால் 111-இல் தொடங்கும், கால்நடை 112. பால் பண்ணைக்கு 112120.

20,833 என்ற தொகை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். மோசடி என்று குதிக்க வேண்டாம். 2021-இல் கூலியாள் இல்லாத விவசாயிக்கு ஷெட்யூல் எஃப் என்ற விவசாய வரிப் படிவத்தில் காட்டிய மொத்த வருமானத்தை வைத்துக் கடன் கணக்கிட்டார்கள். கணக்கில் எடுக்கும் ஆண்டு வருமானத்துக்கு உச்சவரம்பு 1 லட்சம் டாலர். 12-ஆல் வகுத்து இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள், சரியாக அதுவே வரும். ஒரே ஆளுக்கு அது இரண்டு தடவை இருந்தால் 'ப்ராசஸிங் மெத்தட்' என்ற நெடுவரிசையைப் பாருங்கள்: பிபிபி என்றால் முதல் கடன், பிபிஎஸ் என்றால் இரண்டாவது.

இன்னொன்று. கடன் நிலையில் 'பெய்ட் இன் ஃபுல்' (முழுதும் செலுத்தப்பட்டது) என்று இருந்தால் கைக்காசைப் போட்டு அடைத்தார் என்று அர்த்தம் இல்லை. தள்ளுபடியானதையும் அப்படித்தான் குறிக்கிறார்கள். 'ஃபர்கிவ்னெஸ் அமவுன்ட்' (தள்ளுபடித் தொகை) நெடுவரிசையில் தொகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.