கிளைக் கிராமத்தில் கட்டடம் பழுதுபார்க்கச் செல்லும் பங்குக் குழுவினருக்கு

நாகப்பட்டினம் மாவட்டத்தின் வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற காவிரிக் கடைமடைப் பகுதிகளில் கட்டடங்களை மழையும் உப்புக்காற்றும் மெல்ல மெல்லத்தான் அரிக்கும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலோ ஒரே இரவில் கூரைகளை வாரிக்கொண்டு போனது. அப்பகுதியில் பங்கு ஆலயத்தைச் சார்ந்த கிளைக் கிராமத்தின் சிற்றாலயத்தையும் அதை ஒட்டிய வீடுகளையும் சீராக்க நான்கைந்து நாள் பயணம் செல்ல நினைக்கும் பங்கினர், பணம் திரட்டுவதற்கு முன்பே நாளைக் குறிக்க வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமே ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவரில் ஈரம் வற்றியிருக்கும். சம்பா அறுவடை முடிந்து, கூரை வேய வைக்கோலும் கிடைக்கும். ஆயினும் சம்பா வயலில் விதைத்த உளுந்தையும் பயறையும் எடுக்கும் நாள்கள் குறுக்கிடும் என்பதால், சிற்றாலயத்தைக் கவனிக்கும் உபதேசியாரிடமும் ஊராரிடமும் கேட்ட பிறகே தேதியை உறுதி செய்யுங்கள்.

மூன்று வாரங்களுக்கு முன்பே ஒரு கொத்தனாரும் ஒரு தச்சரும் குழுவில் இருவரும் ஊருக்குச் சென்று பார்த்துவர வேண்டும். கூரையில் ஏறுவதற்கு முன், மழை நாளில் எங்கெங்கே பாத்திரம் வைக்கிறார்கள் என்று வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். ஓட்டுக் கூரையில் நீர் கைமரத்தின் வழியே ஓடிவந்து சொட்டுவதால், உடைந்த ஓடு பெரும்பாலும் சொட்டும் இடத்துக்கு நேர்மேலே இராது. முகட்டை நோக்கிச் சற்று மேலே தேட வேண்டும். ஓடு மாற்றுமுன் அதன் கீழுள்ள ரீப்பர் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். கரையான் தின்ற சட்டத்தின்மேல் புது ஓடு வைப்பது வீண் செலவு. ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்த கூரை என்றால் தகட்டின்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது, உடைக்கவோ அறுக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

பழைய சிற்றாலயங்களின் சுவர்கள்தான் அதிகக் கவனம் கேட்பவை. செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர், உறிஞ்சிய ஈரத்தைக் காரை வழியே வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல்லே பொரிந்து உதிரத் தொடங்கும். நாங்கள் முதன்முறை சென்றபோது இதை அறியாமல் ஒரு சுவர் முழுவதும் சிமெண்ட் பூசினோம். அடுத்த மழைக்காலத்தில் அது பாளம் பாளமாகப் பெயர்ந்ததைப் பார்த்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. அத்தகைய சுவரில் உதிர்ந்த காரையைச் சுரண்டி எடுத்து, நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கும் மணல் மூன்று பங்குமாகக் கலந்து பூச வேண்டும். சிமெண்ட் கலவையில் கட்டிய புதிய சுவருக்கு மட்டும், ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் என்று வெளிப்பூச்சு பூசலாம். எந்தக் கலவையானாலும், வாயில் வைத்தால் உவர்க்கும் தண்ணீரைச் சேர்க்காதீர்கள். கடலோர ஊரின் அடிகுழாய் நீர் உவராக இருந்தால், நல்ல தண்ணீருக்கு டேங்கர் செலவையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பதினைந்து பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு கொத்தனார்களும் ஒரு தச்சரும் போதும். மூவரும் அந்த ஊர்க்காரர்களாகவோ பக்கத்து ஊர்க்காரர்களாகவோ இருந்து, அவர்களுக்குரிய முழு நாள்கூலியைப் பெற வேண்டும். இலவச உழைப்பைக் கொண்டுபோய் உள்ளூர் ஆளின் பிழைப்பைக் கெடுப்பது ஊழியம் ஆகாது. நம் இளைஞர்கள் சித்தாள் வேலை செய்யட்டும்: மணல் சலித்தல், கலவை சுமத்தல், ஓடு கைமாற்றிக் கொடுத்தல். கிடக்கும் ஓட்டுக் குவியலைக் கழியால் கலைத்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும், விரியன் ஒளிந்திருக்கும் இடம் அது. பாம்புக்கடிக்கு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் பூச்சு ஏழு நாளாவது நனைந்திருக்க வேண்டும். நாமோ நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ கிளம்பிவிடுவோம். ஆகவே பூச்சு வேலையை முதல் நாளே தொடங்கி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பை ஊரில் ஒருவரிடம் கூலி பேசி ஒப்படைத்து, குழாயையும் பீப்பாயையும் அவரிடமே விட்டுவாருங்கள். பிறகு ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து ஓய்ந்ததும் இருவர் மட்டும் திரும்பிப் போய், இந்த மழைக்கும் பாத்திரம் வைக்க வேண்டியிருந்ததா என்று அதே பெண்களிடம் கேட்டுவர வேண்டும்.