ஐ.பி.ஏ.வை இவ்வளவு ஜில்லென்று குடிக்காதீர்கள்

பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் சொல்லியாக வேண்டும்: சிறு ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீருக்கு அதிக ஜில் ஆகாது. ஃப்ரிட்ஜிலிருந்து 3, 4 டிகிரியில் எடுத்து அப்படியே குடித்தால், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணம் மேலே எழும்பாது. நாக்கும் மரத்துப்போய், கசப்பு மட்டும்தான் தெரியும். ஹாப்ஸ் தூக்கலான ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) பீருக்கு 7 முதல் 10 டிகிரி; குவளையில் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தாலே வந்துவிடும். ஸ்டவுட் என்னும் கருநிற பீர் 10 முதல் 13 டிகிரிக்குள் வந்தால்தான் காப்பி, சாக்லேட் வாசனையைக் காட்டும்.

ஃப்ரீசரில் வைத்த குவளை வேண்டவே வேண்டாம். உள்ளே படிந்த பனி நுரையைப் பொங்கவைக்கும். உருகினால் தண்ணீர் கலந்த பீர்தான். ஊற்றியதும் குமிழிகள் குவளையின் பக்கவாட்டில் ஒட்டி நிற்கிறதா? அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. சமையல் சோடா போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

வாங்கும்போது பாட்டிலைவிட கேன் மேல். பச்சை பாட்டிலில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தக நாற்றம் அடிக்கும். கேனின் அடியில் தேதியையும் பாருங்கள்: கலங்கலாக இருக்கும் ஹேஸி ஐ.பி.ஏ. 3 மாதம் தாண்டியிருந்தால் பழ மணம் மங்கியிருக்கும், நனைந்த அட்டை வாடையும் வரலாம்.